கோழிக்குத் தைத்த மெத்தை

குஷன்காரர் உறை போட்ட சீட்டில் தையல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்தவர் இல்லை. லாரி சீட்டு, சோபா, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி, எது வந்தாலும் பழைய உறையைக் கிழிக்க மாட்டார். இழை இழையாகத் தையலைப் பிரித்து, துண்டுகளைத் தரையில் பரப்பி, அவற்றை வைத்தே புது உறைக்கு அளவெடுப்பார். "கிழிக்கிறதுக்கு நான் எதுக்கு? நாய் போதுமே" என்பார். தொழிலை அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அடுத்தவர் செய்ததைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர். அதனால் அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பதும் அவருக்குக் கூடவே வந்துவிட்டது.

வீட்டுக்குப் பின்னால், நாலைந்து வீடுகளுக்குப் பொதுவான முற்றத்தின் ஓரத்தில், மரக்கூண்டு வைத்துக் கோழி வளர்த்தார். மனைவி போன பிறகு காலையில் எழுந்ததும் பேச்சுக் கொடுக்க ஏதாவது வேண்டியிருந்தது. ஒரு நாள் செவலைக் கோழி நொண்டியது. தூக்கிப் பார்த்தால் பாதத்தின் அடியில் புண். கோழிகள் அடையும்போது ஏறி உட்காரும் கட்டை கரடுமுரடாக இருந்தது. வேறு யாராவது என்றால் கட்டையை இழைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் குஷன்காரர் ஆயிற்றே. கடையில் மிஞ்சிய ஸ்பாஞ்சைக் கட்டையில் சுற்றி, மேலே காப்பி நிற ரெக்சின் இழுத்து, இரண்டு ஓரமும் உருண்டைப் பட்டியாகப் பைப்பிங் வைத்துத் தைத்து, ஆணி வெளியே தெரியாமல் அடியில் அடித்தார்.

எதிர்வீட்டு இஸ்திரிக்காரம்மா சிரித்துச் சிரித்துப் பெட்டியில் கரி கொட்ட மறந்தாள்.

"அண்ணே, அப்படியே ஒரு தலகாணியும் தைச்சுப் போடுங்க. முட்டை போட்டுக் களைச்சு வருதுங்க, பாவம்."

"சிரி, சிரி. என் தையலுக்குள்ள காத்து கூட நுழையாது, தெரியுமா?"

அடுத்த சில மாதங்களில் மகனுக்குக் கல்யாணம் ஆனது. மகன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கும் நாளை விட வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும் நாள்தான் அதிகம். மருமகளுடைய அப்பா பஞ்சு மெத்தைக்காரர். பஞ்சை வெயிலில் போட்டு, அடித்து, மகளுக்கென்று இரட்டை உறை போட்டுத் தன் கையாலேயே தைத்து அனுப்பியிருந்தார். குஷன்காரர் அதை ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். "ம்" என்றார். அவர் கணக்கில் பஞ்சு என்பது மூட்டைப்பூச்சிக்கு வாடகையில்லாமல் கொடுத்த வீடு. ஊரிலிருக்கும் பழைய மெத்தைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்த முடிவு அது. வாய்விட்டுச் சொல்லாத வரைக்கும் மரியாதை.

மருமகள் வந்து கொஞ்ச நாளில் அவள் கையிலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. சோறு போடும்போது ஒரு கை கரண்டியில், மறு கை முழங்கையில்.

"மாமா, ராத்திரியெல்லாம் அரிக்குது. கொசு மாதிரி தெரியல."

குஷன்காரருக்கும் பிடரியில் இரண்டு தடிப்பு இருந்தது. நியாயம் பார்க்கிறவர் என்பதால் முதலில் கோழிகளைத்தான் சந்தேகப்பட்டார். உச்சி வெயிலில் ஒவ்வொன்றாகப் பிடித்து மடியில் போட்டு, இறக்கை அடி, வால் அடி, கழுத்து என்று இறகை விலக்கி விலக்கிப் பார்த்தார். ஒரு பேன் இல்லை. கோழிகளுக்கு விடுதலை கொடுத்துவிட்டார். மீதி இருந்தது மெத்தை.

அது விடுமுறை நாள். முற்றத்தில் எல்லா வீட்டு ஆட்களும் இருந்தார்கள். மெத்தையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து நடுவில் போட்டார். மருமகள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"மாமா, உள்ள வெச்சே பாக்கலாமே."

"பூச்சிய வீட்டுக்குள்ள கொட்டச் சொல்றியா?"

"சரி மாமா, தையலை மட்டும் பிரிங்க. அப்பா கையால தைச்சது."

அந்தச் சொல்லில்தான் அவருக்கு என்னவோ ஏறியது. கத்தியை மெத்தையின் நடுவில் இறக்கி இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகக் கிழித்தார். பஞ்சு வெள்ளை வெளேரென்று பொங்கி வந்தது. கையை விட்டு அளைந்தார். மூட்டைப்பூச்சி இருக்கும் இடம் அவருக்குத் தெரியாததல்ல. கறுப்புப் புள்ளி இருக்கும், உரித்த தோல் இருக்கும், ஒரு வாடை இருக்கும். ஒன்றும் இல்லை. மெத்தை சுத்தம் என்று அவருக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. ஆனால் சுற்றி ஆட்கள் நின்றார்கள். வெறுங்கையை எப்படிக் காட்டுவது?

உறையின் ஓரத்தில் குண்டூசித் தலையளவு சிவப்பாக ஒன்று நகர்ந்தது. கட்டை விரலால் நசுக்கினார். துணியில் ரத்தப் புள்ளி.

"பாருங்க! குட்டி போட்டிருக்கு."

மூட்டைப்பூச்சிக் குட்டி அப்படி இருக்காது என்று மனசில் ஒரு மூலை முணுமுணுத்தது. அந்த மூலையை அவர் பார்க்கவில்லை.

பஞ்சையும் கிழிந்த உறையையும் சாக்குகளில் அள்ளி எரிக்கப் போனவரிடமிருந்து மருமகள் சாக்குகளைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கொட்டகையில் கட்டி வைத்தாள். அன்றிலிருந்து பாயில் படுத்தாள். மறுநாள் இஸ்திரிக்காரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "கோவிச்சுக்காத கண்ணு. ஊர்த் துணியெல்லாம் என் கையில இருக்கு. ஒண்ணு ஒட்டிக்கிச்சுன்னா என் பொழப்பு போயிடும். உன் துணிய மட்டும் வேலிப் பக்கமா போட்டுக்கயேன்." அவள் சொன்னதில் தப்பில்லை. மருமகளும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஈரத் துணியை அள்ளிக்கொண்டு வேலிப் பக்கம் போனாள். முற்றத்துப் பெஞ்சில் அவள் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் திடீரென்று அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்தது.

கடி மட்டும் நிற்கவில்லை. கோழிகளின் கொண்டை வெளுத்தது. முட்டை குறைந்தது. சாயங்காலம் கூண்டுக்குள் போகாமல் வாசலிலேயே நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தன. அவர் கடையில் இருக்கும் நேரம் என்பதால் கோழிகளை அடைப்பதும், கைவிட்டு முட்டை எடுப்பதும் மருமகளின் வேலை.

"உள்ள போகவே மாட்டேங்குது மாமா."

"உனக்கு ஓட்டத் தெரியல. கோழிக்கும் ஆள் தெரியும்."

அவள் திரும்பவும் கோழிகளை ஓட்டப் போனாள்.

ஒரு மதியம் கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட வந்தவர், கூண்டுக் கட்டையில் ரெக்சின் நகம் பட்டுக் கிழிந்திருப்பதைப் பார்த்தார். தன் வேலையில் ஒரு கிழிசலை வைத்துக்கொண்டு அவரால் சாப்பிட முடியாது. கட்டையைக் கழற்றி மடியில் வைத்துப் பைப்பிங் தையலைப் பிரித்தார்.

உள்ளே சாம்பல் தூவியது போல் இருந்தது. சாம்பல் நகர்ந்தது.

தையலின் இரண்டு ஓரமும், ஸ்பாஞ்சின் ஒவ்வொரு துளையும், ஆணித் தலையின் அடியும், அவர் யாரும் பார்க்காமல் மறைத்து வைத்த இடமெல்லாம் பூச்சி. வெளுத்தது, சாம்பல், நடுநடுவே ரத்தம் குடித்து உப்பிய சிவப்பு. விரலால் ஒரு இழு இழுத்தார். ரெக்சினில் சிவப்புக் கோடு விழுந்தது. மெத்தை உறையில் விழுந்த அதே புள்ளி, இங்கே கோடாக.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் ஏறிக்கொண்டிருந்ததைத் தட்டிவிடக் கூடத் தோன்றவில்லை. இந்தக் கூண்டுக்குள்தான் அவள் தினமும் சாயங்காலம் கையை விட்டாள். இந்தக் கூண்டை ஒட்டித்தான் அவள் அறையின் ஜன்னல். மெத்தையில் ஊர்ந்த அந்த ஒன்று இங்கிருந்து போனது. அவர் கையால் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து.

தீவனக்கடை ஒரு பெண்மணி நடத்துவது. குஷன்காரர் அங்கே போய், கூட்டம் குறையும் வரை தராசைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு சிநேகிதர் வீட்டுக் கோழிக்குப் பூச்சி வந்திருக்கும்மா. பொடிப் பொடியா. கோழி மேல பாத்தா ஒண்ணுமில்ல, கட்டையில மட்டும் அப்பிக் கெடக்கு."

"பகல்ல பாத்தாரா?"

"ஆமா."

"பகல்ல கோழி மேல எப்படி இருக்கும்? பேன்னா கோழி மேலயே குடியிருக்கும், நம்ம மேல தங்காது. இது செல்லு. பகல் முழுக்கச் சந்துல படுத்துக்கும், இருட்டினா ஏறி ரத்தம் குடிச்சுட்டு இறங்கிடும். பக்கத்துல போற ஆளையும் விடாது." அவள் எட்டி அவர் பிடரியைப் பார்த்தாள். "உங்க சிநேகிதருக்குக் கழுத்துல கடிச்சிருக்கு போல."

குஷன்காரர் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார். "கடையில கரையான் மருந்து இருக்கு. அத அடிச்சா?"

"யார் கடையில? சிநேகிதர் கடையிலயா? அத அடிச்சா கோழி சாகும். சாகாத கோழி போடுற முட்டையில அது உங்க தட்டுக்கே வரும். மண்ணெண்ணெயும் பூசாதீங்க, தோல் வெந்துடும். கோழிய வெளிய விட்டுட்டுக் கூண்டக் காலி பண்ணுங்க. வைக்கோல், சாக்கு ஒண்ணு விடாம எரிங்க. எரிக்கக் கூடாததப் பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி வெயில்ல போடுங்க. சந்தெல்லாம் சுரண்டி, கொதிக்கிற தண்ணிய விட்டு, காய வைங்க. ஒரு தடவையோட போகாது, அதோட முட்டை பொரிச்சு அடுத்த கூட்டம் கிளம்பும். வாரா வாரம் செய்யணும். வெள்ளைத் துணியால கட்டைக்கு அடியில தேய்ச்சுப் பாருங்க, சிவப்பு ஒட்டாத வரைக்கும் விடாதீங்க. அதுக்கும் அடங்கலன்னா கால்நடை டாக்டர்கிட்ட முட்டை போடுற கோழின்னு சொல்லி மருந்து வாங்குங்க. கட்டை வழவழன்னு வெறுங்கட்டையா இருக்கணும், சுவத்துல முட்டாம. மேல துணி கிணி சுத்தியிருக்காரா?"

"கொஞ்சம்... குஷன் மாதிரி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் தோள் குலுங்கியது.

மருமகள் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்துக் காரியத்தில் இறங்கினார். உறையையும் ஸ்பாஞ்சையும் பையில் கட்டிக் கொட்டகைக்குப் பின்னால் போட்டார். கூண்டைச் சுரண்டினார். பானை பானையாக வெந்நீர் ஊற்றினார். கோழிகள் புரண்டு குளிக்க மணலில் சாம்பல் கலந்து பள்ளம் வெட்டினார். கட்டைகளை இழைத்து வெயிலில் சாய்த்தபோது அவள் வந்துவிட்டாள்.

"கட்டையில இருந்த மெத்தை எங்க மாமா?"

"பழசாயிடுச்சு."

"கொதி தண்ணி எதுக்கு?"

"ஒரே ஈரவாடை."

அவள் அவர் கையைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் தடித்திருந்தது. தன் கையையும் ஒரு தரம் பார்த்தாள். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சொல்லத்தான் நினைத்தார். இன்று வேண்டாம், மகன் வரட்டும் என்று நினைத்தார். கடி குறைந்தால் தானாகவே எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்றும் நினைத்தார். இரண்டு நாள் கழித்து, வேலியில் இருந்த அவளுடைய துண்டு ஒன்று காற்றில் பறந்து பொதுக்கொடியில் போய் விழுந்தது. இஸ்திரிக்காரம்மா அதைக் கையால் தொடாமல் ஒரு குச்சியால் தூக்கி வேலியில் போட்டாள். மருமகள் கிணற்றடியில் நின்று பார்த்தாள். கொல்லைக் கதவில் நின்று குஷன்காரரும் பார்த்தார். வாயைத் திறந்தார். திறந்த வாயோடு உள்ளே திரும்பி, நன்றாகவே பாடிக்கொண்டிருந்த ரேடியோவைத் திருகித் திருகிச் சரி செய்தார்.

அந்த வாரக் கடைசியில் மெத்தைக்காரர் பழம் வாங்கிக்கொண்டு மகளைப் பார்க்க வந்தார். மெலிந்த மனிதர், சட்டைப்பையின் மடிப்பில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு இருக்கும். மகள் அறையை எட்டிப் பார்த்தவர் நின்றுவிட்டார். தரையில் சுருட்டிய பாய்.

"மெத்தை எங்கம்மா?"

"மழையில நனஞ்சு போச்சுப்பா. பிரிச்சு வெச்சிருக்கேன்."

"நனைஞ்சத மூட்டையா வெச்சா கெட்டுடுமே. எங்க, காட்டு."

முற்றத்துக்கு வந்தார்கள். குஷன்காரரும் பின்னால் வந்தார். கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த இஸ்திரிக்காரம்மா, வந்தவர் யார் என்று யோசிக்காமல் பேச்சுவாக்கில் சொன்னாள்.

"அந்த மூட்டைப்பூச்சி மெத்தைங்களா? அதத்தான் அண்ணன் அன்னிக்கே இங்க போட்டுக் கிழிச்சாரே."

மெத்தைக்காரர் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"என் மெத்தையிலயா?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் மெதுவாகக் குஷன்காரர் பக்கம் திரும்பினார். பழப்பை தொங்கிய கையோடு இரண்டு கையையும் கூப்பினார்.

"மன்னிக்கணும் சம்பந்தி. நல்லா வெயில் காட்டித்தான் அடிச்சேன். எங்கயோ என் கவனம் தப்பியிருக்கு. தொழில் தெரிஞ்ச உங்க வீட்டுக்குப் போய் இப்படி ஒண்ண அனுப்பிட்டேன். எம் பொண்ண ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

'பரவாயில்ல சம்பந்தி, விடுங்க' என்ற வார்த்தை குஷன்காரரின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் போதும். பெரிய மனுஷன் என்று முற்றமே சொல்லும். மெத்தைக்காரர் நன்றியோடு ஊர் திரும்புவார். அந்த மனிதரின் கூப்பிய கைகளில் பழப்பை தொங்குவதைப் பார்த்தார். வார்த்தையை முழுங்கினார்.

கொட்டகைக்குப் பின்னால் போய் அந்தப் பிளாஸ்டிக் பையைத் தூக்கி வந்தார். முடிச்சை அவிழ்க்காமல் உயர்த்திக் காட்டினார். உள்ளே காப்பி நிற ரெக்சின் கசங்கிக் கிடந்தது.

"கைய இறக்குங்க சம்பந்தி. உங்க மெத்தையில ஒண்ணுமில்ல. கிழிச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும். பூச்சி இதுல இருந்துச்சு. கோழிச் செல்லு. நான் தைச்ச தையல்லதான் குடியிருந்துச்சு. உங்க பொண்ணு என் கோழிய அடைக்கப் போய்க் கடி வாங்கினா. நான் அவளையே..."

பையைத் தரையில் வைத்தார்.

முதலில் வெடித்தவள் இஸ்திரிக்காரம்மாதான். "அடப் பாவி மனுஷா! அந்தப் புள்ளையோட துண்டக் குச்சியால தூக்கிப் போட்டேனே! பாத்துட்டுத்தானே நின்னீங்க? என்னையும் சேத்துப் பாவி ஆக்கிட்டீங்களே!" கையிலிருந்த துணியை வாளியில் எறிந்துவிட்டு நேரே வேலிக்குப் போனாள். மருமகளின் துணிகளை இரண்டு கையாலும் மார்போடு அள்ளி வந்து, ஒவ்வொன்றாக உதறி, ஊர்த் துணிகளுக்கு நடுவில் போட்டாள். போடும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சினாள்.

மெத்தைக்காரர் கொட்டகைக்குள் போய்க் கிழிந்த உறையை எடுத்து வந்தார். வெட்டு போன வழியை விரலால் தடவினார்.

"நடுவுல கிழிச்சிருக்கீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "ஓரத்துல பிரிச்சிருந்தா உறை மிஞ்சியிருக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

குஷன்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மருமகள் அவர் எதிரே வந்து நின்றாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும் மாமா?"

"அதான் சொன்னேனே, கிழிச்ச அன்னிக்கே..."

"மெத்தை இல்ல மாமா. செல்லு. எப்ப தெரியும்?"

"கூண்டக் கழுவினேனே, அப்பவே."

"நான் கேட்டப்பவா? ஈரவாடைன்னீங்களே, அப்பவா?"

"ஆமாம்மா."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார்; திட்டுவாள் என்று கூட எதிர்பார்த்தார். "அப்பா, டீ போடறேன், குடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பஞ்சுச் சாக்குகளைப் பஸ் நிறுத்தம் வரை குஷன்காரரே தோளில் சுமந்துகொண்டு சம்பந்தி பின்னால் நடந்தார். "என்ன குஷன்காரரே, பஞ்சுப் பக்கம் தாவிட்டீங்களா?" என்று சைக்கிள் கடைக்காரர் கேட்டார். நின்று, சாக்கை இறக்கி வைத்து, நடந்ததைச் சொன்னார். அதன் பிறகு தெருவில் அவரைக் 'கோழிக்கு சோபா போட்டவர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த வாரம் கூண்டுக்கு மறுபடி வெந்நீர் ஊற்ற வேண்டிய நாள். அவர் கேட்காமலேயே மருமகள் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். இடையில் லாரியோடு வந்துபோன மகனிடம் நடந்ததை அவரே சொல்லிவிட்டிருந்தார். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தண்ணீர் வடிந்து கட்டை காய்ந்ததும் அவர் வெள்ளைத் துணியைச் சுருட்டிக் கட்டையின் அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தேய்த்தார். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"சுத்தமா இருக்கும்மா."

"நீங்க பாத்தது போதும் மாமா. குடுங்க, நான் பாக்கறேன்."

கையை நீட்டினாள். துணியைக் கொடுத்துவிட்டு, அவள் அதை வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்து முடிக்கும் வரை அவர் பக்கத்தில் நின்றார்.